அப்பா பட்டாளத்தில் இல்லாத வருஷம்

எங்கள் அப்பா பட்டாளத்தில் இருந்தவர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. ரேஷன் கடையில் வரிசை குலைந்தாலும், ஆடிமாதம் கூழ் ஊற்றும்போது பிள்ளைகள் முண்டியடித்தாலும், பஸ்ஸில் ஒருவர் இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினாலும் முதலில் அப்பாவின் முதுகு நிமிரும். பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். அடுத்து என்ன வரும் என்று ஊருக்கே தெரியுமாதலால், அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே பெரும்பாலும் வரிசை சரியாகிவிடும். சரியாகிவிட்டாலும் விடமாட்டார். "நானெல்லாம் மிலிட்டரியில" என்று தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் நகர்வார்.

பட்டாளம் என்றால் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. பனிமலையில் காவல் இருப்பவர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாவற்றையும் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போகிற பிரிவில் இருந்தார். லாரி போகாத இடத்துக்குக் கழுதை போகும், கழுதை போகாத இடத்துக்கு நாங்க போவோம் என்பார். ஊர்க்காரர்கள் கோவேறு என்பதை விட்டுவிட்டுக் கழுதையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தலையாரி மாமாதான் இதில் முதல் ஆள். கிராம ஆபீசில் அவருக்கு இருந்த வேலையைவிட டீக்கடையில் இருந்த வேலை அதிகம். "வாங்க, கழுதை மேய்ச்ச மிலிட்டரி" என்றுதான் அப்பாவை வரவேற்பார். மாதம் ஒருமுறை மிலிட்டரி கேண்டீனிலிருந்து ரம் பாட்டில் வருகிற அன்று மட்டும் அந்த மரியாதை "மிலிட்டரிக்காரரே" என்று உயர்ந்து, பாட்டில் தீர்ந்ததும் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

அப்பாவுக்கு இதில் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "கழுதை இல்லய்யா, கச்சர்" என்று கோவேறு கழுதைக்கான இந்திப் பெயரைச் சொல்லி ஒருதரம் திருத்துவார். பிறகு கதையைத் தொடங்கிவிடுவார். பள்ளத்தை மூடிக் கிடந்த பனிப்பாலத்தின் மேல் காலை வைக்க மறுத்து நின்ற ஒரு கழுதையின் கதை அவருக்குப் பிடித்தமானது. அடித்தும் இழுத்தும் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலம் அப்படியே உள்ளே போய்விட்டது. கழுதைக்கு உயிர்மேல ஆசை இருக்குது, மனுசனுக்குத்தான் வீறாப்பு என்று முடிப்பார். எனக்கு அந்த வயதில் அந்தக் கழுதையின் பெயர்தான் முக்கியமாக இருந்தது. கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்வார்.

நான் பிறந்து, நடக்கப் பழகி, பேச்சும் வந்த பிறகுதான் அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்தார். அதுவரை அவரை லீவில் வருகிற விருந்தாளியாகவே எனக்குத் தெரியும். தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவின் தம்பியை, என் சித்தப்பாவை, வளர்த்தது அம்மாதான். அப்பா வந்து சேர்ந்தபோது அம்மாவும் சித்தப்பாவும் நானும் ஒரு குடும்பமாக ஏற்கனவே இருந்தோம். அவர் அதில் தனக்கு ஓர் இடம் தேடவேண்டியிருந்தது. எனக்குத் தலைபின்னும் வேலையை எடுத்துக்கொண்டார். கழுதைகளின் பிடரிமயிரைப் பின்னிப் பழகிய கை என்று அம்மா சிரிப்பார். பின்னல் சாயங்காலம்வரை ஒரு மயிர்கூட அவிழாது. கண்தான் லேசாக மேலே இழுத்துக்கொண்டிருக்கும்.

கூடத்துச் சுவரில் அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் எடுத்தது. சாய்ந்த தொப்பி, பொட்டு மீசை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, தம்பியை உரிச்சு வச்ச மாதிரி இருக்குது என்பார்கள். உண்மையில் அப்போது சித்தப்பாவுக்கு அந்தப் படத்தில் இருக்கிற வயதுதான். வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்துக்கு வந்தது நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. சாலையெங்கும் மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் அப்படிப் பேசிக்கொண்டு நான் கேட்டதே கிடையாது.

அப்பாவுக்குக் கோரிக்கைமேல் குறையில்லை. வழியை மறிப்பதுதான் அவருக்கு ஆகவில்லை. மேலே காத்திருக்கிறவனுக்கு வழி என்றால் சோறு, மருந்து, வீட்டுக் கடுதாசி எல்லாம்தான் என்று அவர் பட்டாளத்தில் கற்றிருந்தார்.

"கேளு. நல்லாக் கேளு. வழிய அடைச்சிக்கினு கேக்காத" என்றார்.

"எந்த ஆபீசுல ண்ணா நம்ம ஆளு ஒருத்தன் ஒக்காந்துக்கினு இருக்கான், சொல்லு? அடைக்காம கேட்டா யாருக்குக் காது கேக்குது?" என்றார் சித்தப்பா.

அப்பா போர்வையை உதறி, சதுரமாக மடித்து, அதன் ஓரத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, கேஸ் கீஸ் ஆச்சின்னா வாத்தியார் வேலையை மறந்துட வேண்டியதுதான் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட அம்மா வழியாகவே கேட்டுக்கொண்டார்கள்.

மறியல் தொடங்கிய அன்று விடிந்தபோது ஊர் எல்லையில் பெரிய புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. எப்போதும் கல்லெறிந்து அடிக்கவேண்டியிருந்த புளியம்பிஞ்சு இப்போது கைக்கெட்டும் உயரத்தில் கிடந்தது. மடி நிறையப் பறித்துக்கொண்டோம். வெட்டியவர்களில் சித்தப்பாவும் இருந்தார் என்று பிள்ளைகள் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. கரியாலூருக்கும் மேலே ஏதோ ஊர். ஒரு மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் ஜுரத்தில் கிடந்த பிள்ளையைப் போட்டு, அப்பன் ஒரு முனையையும் மாமன் ஒரு முனையையும் தோளில் வைத்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் நின்ற பள்ளம். நடுவில் மரம். தூளியோடு ஏறித் தாண்ட முடியவில்லை. யாரோ போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கோடாரியோடு சைக்கிளில் வந்தார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கிளைகள் அடர்ந்திருந்த பக்கமாக ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டத் தொடங்கினார். வழி ஆனதும் தன் சைக்கிளை அந்தப் பக்கம் தள்ளிப்போய், பிள்ளையை மடியில் வைத்த தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தார். இரண்டு ஆண்களும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அப்பா கோடாரியால் மரத்தை வெட்டியதை ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு நடந்ததாகவும் வீடு வீடாகப் புகுந்து ஆம்பிளைகளைப் பிடித்துப்போவதாகவும் பேச்சு வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊருக்கு அவர்கள் வந்தது விடியற்காலையில், பால் கறக்கிற நேரத்தில். வெளியூர்ப் போலீஸ். முதல் லாரியின் சத்தம் கேட்டதுமே இளவட்டங்கள் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டார்கள். சித்தப்பாவும் பின்கதவு வழியாக ஓடினார். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கரும்புதான்.

அப்பா ஓடவில்லை. வாசலில் நின்றிருந்தார். எனக்குப் பயமே இல்லை. யார் வந்தாலும் அப்பாவின் முதுகு நிமிரும், தொண்டையைச் செருமுவார், வரிசை சரியாகிவிடும் என்று கதவருகே நின்று காத்துக்கொண்டிருந்தேன்.

தலையாரி மாமாவை முன்னால் நடக்கவிட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். இந்த வீட்டுப் பையன் ஒருவன் மரம் வெட்டியதாகத் தகவல், எங்கே அவன் என்று கேட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டார். அவருடைய தோள்கள் உள்ளே மடங்கின, கழுத்து இறங்கியது. அப்பா கூன் போட்டு நின்றதை என் ஆயுளில் அன்றுதான் முதலில் பார்த்தேன். தம்பி ஊரில் இல்லீங்க என்றார். குரல்கூட வேறாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் பின்கட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து கரும்புக் கொல்லை கைநீட்டுகிற தூரம். அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் கண் சுவரில் பட்டது.

"மிலிட்டரியில யாருய்யா?"

அந்தக் கேள்வியில் அவருடைய குரல் ஒரு படி இறங்கியதை நான் கவனித்தேன். இனி அப்பா சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும்.

"அதுதாங்க என் தம்பி" என்றார் அப்பா. "பட்டாளத்துல கீறான். லீவு கெடச்சாத்தான் வருவான்."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கொழுந்தன் முகத்தைப் பார்த்து வருஷமாகிறது என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகையில் அவர் கண் ஏற்கனவே கலங்கித்தான் இருந்தது.

"அப்ப மரத்த வெட்டினது யாரு?"

"நாந்தாங்க. கோடாலி அங்க சாத்தி வச்சிருக்குது பாருங்க. ஊருல யாரை வேணா கேளுங்க."

இன்ஸ்பெக்டர் தலையாரி மாமாவின் பக்கம் திரும்பி, இவன் சொல்வது நிஜமா என்று கேட்டார். மாமா படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கிராம ஆபீஸ் வேலை அவருக்கு உயிர். பொய் சொன்னது தெரிந்தால் அது போய்விடும்.

"நெசந்தாங்க" என்றார். "தம்பிதான் மிலிட்டரி. இவரு கழுதை மேய்ச்சிக்கினு கெடந்தவருங்க."

ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பின்கட்டுக்குப் போனவர்களை இன்ஸ்பெக்டர் திரும்பக் கூப்பிட்டார். பிறகு அப்பாவின் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அப்பா தடுமாறி நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அவசரமாக மறுபடியும் குனிந்துகொண்டார். லாரியில் ஏற்றும்போது என் பக்கம் பார்த்தார். ஒரு விரலை உதட்டில் வைப்பதுபோல மீசையைத் தடவினார்.

அவர்கள் போன பிறகு அம்மா கரும்புக்குள் நுழைந்து போனார். நானும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து ஓடப் பார்த்தார். சாலையை நோக்கித்தான். அம்மா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீ போனா அவரு சொன்னது பொய்யின்னு ஆயிடும். ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

சித்தப்பா மண்ணில் உட்கார்ந்து அழுதார். அன்று மத்தியானமே மலை ஏறிவிட்டார். கரியாலூர்ப் பக்கம் யார் வீட்டிலோ மரவள்ளி பிடுங்கிக்கொண்டும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

நான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரரிடம் யாராலும் பொய் சொல்ல முடியாது என்று உறுதியாக நம்பிய வயது அது. அப்பா மரம் வெட்டியதாகச் சொன்னார், அது நிஜம், நானே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுதை மேய்த்தவர் என்று மாமா சொன்னார், அதுவும் ஊருக்கே தெரிந்த நிஜம். அப்படியென்றால் படத்தில் இருப்பது சித்தப்பா என்பது மட்டும் எப்படிப் பொய்யாகும்? படமும் அச்சு அசலாகச் சித்தப்பா மாதிரியே இருந்தது. அப்பா பட்டாளத்தில் இருந்ததேயில்லை, இத்தனை நாளும் சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், போலீசைப் பார்த்ததும் பயத்தில் உண்மை வந்துவிட்டது. இப்படித்தான் நான் முடிவு கட்டினேன். சித்தப்பா ஊரிலேயே இருந்துகொண்டு எப்படிப் பட்டாளத்திலும் இருந்தார் என்பது கொஞ்சம் இடித்தது. பெரியவர்கள் காரியம், ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் நெருங்கியபோது அப்பா ஜாமீனில் வந்தார். இளைத்திருந்தார். இடது காது கேட்காது என்பது, அந்தப் பக்கமிருந்து நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வந்தவர் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேஷன் கடையில் வரிசை குலைந்தால் ஓரமாக நகர்ந்து நின்றார். டீக்கடையில் யாரும் கழுதைக் கதை கேட்கவில்லை. தலையாரி மாமாகூட வாயைத் திறக்காமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. உண்மை ஊருக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் வெட்கப்படுகிறார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதற்குள் சித்தப்பாவுக்கு மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவருடைய கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா எனக்கு நடந்ததைச் சொன்னார். அப்போது நான் பெரிய பெண். தான் மிலிட்டரி என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அடி விழுந்திருக்காது. ஆனால் தம்பியைத் தேடிக் கரும்புக்குள் போயிருப்பார்கள். அதனால் தன் பட்டாளத்தைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். வழக்கு முடிகிறவரை அந்தப் பொய்யை ஊரும் சேர்ந்து காப்பாற்றவேண்டியிருந்தது. கேஸில் மாட்டியவர் பட்டாளத்துக்காரர் என்று வெளியே தெரிந்தால் பென்ஷனும் போய்விடும் என்ற பயம் வேறு. அண்ணனுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்துவிட்டு அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பினோமே என்று சித்தப்பா மட்டும் கடைசிவரை ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலையிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் வலது பக்கமாக உட்கார்ந்துகொள்வார். அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். சென்ற வருஷம் அப்பா போனபோது, அவருடைய பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். மேலே அரிசி ஏற்றிப்போன கழுதைகள் சில நாட்களில் கீழே எதை ஏற்றி வரும் என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். இறந்தவர்களின் தலை ஆடாமல் இருக்க அப்பா தன் கையை அண்டக்கொடுத்துக்கொண்டே நடந்து வருவாராம்.

ஆனால் எனக்கு மறக்காதது, எதுவும் தெரியாமல் இருந்த அந்த வருஷத்தில் ஒரு சாயங்காலம். அம்மா களையெடுக்கப் போயிருந்தார். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். காக்கி இல்லை, வேட்டி சட்டைதான். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சுவரைக் காட்டி, படத்தில் யாரு பாப்பா என்றார். சித்தப்பா என்றேன். உங்கப்பாதான் மிலிட்டரியின்னு கேள்விப்பட்டேனே என்று சிரித்தார்.

"இல்லீங்க" என்றேன். "அப்பா சும்மா அப்படிச் சொல்லிக்கினு இருந்தாரு. எல்லாரும் நம்பிக்கினு இருந்தாங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் யாரும் விசாரிக்க வரவில்லை.

திரும்பினால், மாட்டுக்குக் கரும்புத் தோகை எடுத்துக்கொண்டு அப்பா பின்கட்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவருடைய முகம் என்னவோபோல் இருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. இவரை வெளியாள் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது. கிட்டே போய், கேட்கிற காதின் பக்கமாக நின்றுகொண்டு சொன்னேன்:

"நீ மிலிட்டரி இல்லாட்டி இன்னாப்பா. நான் யாருகிட்டயும் சொல்லி சிரிக்கமாட்டேன்."

அப்பா தோகையைக் கீழே போட்டுவிட்டு என் தலையில் கையை வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "சரி ம்மா" என்றார். கண்ணில் தூசி விழுந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். நான் அவரை மன்னித்துவிட்ட நிம்மதியில் விளையாடப் போனேன்.